பெங்களூரில் சீமைப் பாம்பைத் தேடுதல்

2023 செப்டம்பர் 6 அன்று இரவு, பாங்காக்கிலிருந்து வந்த விமானம் ஒன்றின் பயணப் பெட்டிகள் பெங்களூர் கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்கின. சுங்கத் துறையினர் அவற்றுள் சிலவற்றைத் திறந்தபோது உள்ளே 78 விலங்குகள் இருந்தன: 55 பந்து மலைப்பாம்புகள், 17 ராஜநாகங்கள், 6 கபுச்சின் குரங்குகள். பாம்புகள் அனைத்தும் உயிரோடிருந்தன. குரங்குகள் ஆறும் மூச்சடங்கிக் கிடந்தன.

இது தனித்த நிகழ்வன்று. அதே ஆண்டின் ஜனவரியில், வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் விமான நிலையத்தில் தொடங்கிய ஒரு சோதனை ஒரு பண்ணை வீட்டில் போய் முடிந்தது. அங்கே 139 அயல்நாட்டு விலங்குகள் கைப்பற்றப்பட்டன. மஞ்சள் அனகோண்டாவும் பச்சை அனகோண்டாவும் அவற்றுள் அடக்கம். 2024 ஏப்ரலில் மீண்டும் பாங்காக் விமானம், மீண்டும் ஒரு பெட்டி, அதனுள் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள்.

பதினாறு மாதங்களுக்குள் நிகழ்ந்த இம்மூன்றையும் படித்த எவருக்கும் ஒரே ஐயம் எழும். பிடிபட்டவை இவை, பிடிபடாதவை எங்கே? எந்த அடுக்ககத்தின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எது நழுவி, எந்த ஏரிக்கரைப் புதரில் வாழ்கிறது? பெங்களூரில் கட்டற்று வாழும் அயல்நாட்டுப் பாம்பு ஒன்றைத் தேடிப் புறப்பட்டால் கிடைக்குமா?

இக்கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அது அனகோண்டாவின் அளவில் இல்லை. விடையின் நீளம் ஏறத்தாழ ஒரு சாண். அது இருக்கும் இடம் பூந்தொட்டி.

*

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேற்று நிலத்து விலங்கு ஒன்று ஓர் ஊரில் இருப்பது வேறு. அது அங்கே நிலைபெறுவது வேறு. சூழலியலாளர் இதை மூன்று படிகளாகப் பிரிப்பர். மனிதர் கொண்டுவந்து சேர்ப்பது முதற்படி. மனிதர் துணையின்றி உயிர் பிழைத்துத் தலைமுறை பெருக்குவது இரண்டாம் படி. அங்கிருந்து பரவி, உள்ளூர் உயிர்களுக்குக் கேடு விளைப்பது மூன்றாம் படி. முதற்படியில் கால் வைப்பவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் படியை எட்டுவதில்லை. ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் தப்பி, ஒன்றையொன்று கண்டடைய வேண்டும். முட்டை பொரிய வேண்டும். குஞ்சுகளுக்கு இரை கிடைக்க வேண்டும்.

அத்தனையும் கூடிவந்த இடங்கள் உலகில் உண்டு. பழுப்பு மரப்பாம்பு இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் படைத்துறைச் சரக்குகளோடு பசிபிக் தீவான குவாமில் இறங்கியது. 1980களுக்குள் அத்தீவின் சொந்தக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை அற்றுப்போயின. தென்கிழக்காசியாவின் பர்மிய மலைப்பாம்பு, செல்லப்பிராணி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் நிலைகொண்டுவிட்டது என்பது 2000ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று.

பெங்களூரில் அப்படி எதுவும் நிகழவில்லை. கடத்தி வரப்பட்ட பாம்பினம் ஒன்று இந்நகரில் குடும்பம் பெருக்கி நிலைபெற்றதாகப் பதிவில்லை. பாம்பு மீட்பாளர்களின் கைக்கு நாள்தோறும் வருபவை சாரை, நல்ல பாம்பு, நீர்க்கோலி, வெள்ளிக்கோல் வரையன், கண்ணாடி விரியன் முதலிய பழைய குடிகளே.

தேடலின் திசையைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். மயாமி நகரத்தார் ஒருவர் தம் ஊரில் கட்டற்று வாழும் அயல்நாட்டுப் பாம்பைத் தேடினால்? அவர் எவர்கிளேட்ஸ் வரை செல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஈரமான கல் ஒன்றைப் புரட்டினால் போதும். ஹொனலுலுவிலும் அப்படியே. கல்லுக்கடியில், மண்புழுவென எண்ணத்தக்க கரிய நூல் ஒன்று நெளியும். உற்றுநோக்கினால் உடலில் மண்புழுவின் வளையங்கள் இரா. பளபளக்கும் செதில்கள் இருக்கும். நுண்ணிய நாக்கு வெளிவந்து உள்வாங்கும். உலகிலேயே மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழும் பாம்பு அதுதான். தமிழில் அதற்குப் புழுப் பாம்பு, குருட்டுப் பாம்பு எனப் பெயர்கள் உண்டு. அதன் பூர்விகம் தென்னாசியா.

உலக நகரங்கள் பலவற்றுக்குச் சீமைப் பாம்பாக இருப்பது, பெங்களூர் வீட்டு முற்றத்துப் புழுப் பாம்பு.

*

இப்பாம்பின் வரலாறு, பெயர்களின் வரலாறாகவே தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் 1781இல் தம் உடன்பிறந்தாரோடு விசாகப்பட்டினம் வந்தார். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பொறுப்பை ஏற்றார். கம்பெனி ஊழியர்களுக்கு நச்சுப் பாம்பையும் நஞ்சற்றதையும் பிரித்தறியக் கற்பிப்பது அவர் எடுத்துக்கொண்ட பணிகளுள் ஒன்று. சோழமண்டலக் கரையில் அவர் திரட்டிய பாம்புகளின் வண்ணப் படங்களும் விளக்கங்களும் அடங்கிய நூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. கண்ணாடி விரியன் இன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ரஸ்ஸலின் நூல் மொழியியலாளருக்கும் ஒரு புதையல். பாம்புகளுக்கு அவர் இலத்தீன் பெயர் சூட்டவில்லை. பிடித்துக் கொடுத்தவர்கள் சொன்ன பெயரையே காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் பதிந்தார். 43ஆம் படத்தில் இருக்கும் சிறு பாம்புக்கு அவர் எழுதியிருப்பது ‘ரொண்டூ தலூலூ பாம்’. தெலுங்கு அறிந்தவர் உடனே அடையாளம் காண்பர்: ரெண்டு தலல பாமு, இரண்டு தலைப் பாம்பு. தலையும் வாலும் ஒரே பருமனாய், கண்கள் செதிலுக்கடியில் இரு புள்ளிகளாய் மங்கிக் கிடக்க, எது முன் எது பின் என விளங்காத உடலுக்குப் பொருத்தமான பெயர்தான் அது. ஆனால் அதே பெயர் வேறொரு பாம்புக்கும் உண்டு. தமிழில் மண்ணுளிப் பாம்பு என்றும் இருதலை மணியன் என்றும் சொல்லப்படும் பருத்த பாம்பு அது. ஒரு பெயர் இரு உயிர்களைத் தொட்டு நின்றது.

பாரிஸில் இருந்த பிரான்சுவா மரி தோதேன் இந்நூலைக் கண்டார். இளம்பருவ நோயால் கால்கள் செயலிழந்தவர், இந்தியாவைக் கண்டவரல்லர். ரஸ்ஸலின் 43ஆம் படத்தை முன்வைத்தே 1803இல் இப்பாம்புக்கு ‘எரிக்ஸ் பிராமினஸ்’ என்று அறிவியற்பெயர் சூட்டினார். எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்பின் பேரினம். விசாகப்பட்டினத்தில் பெயர் கலந்ததுபோலவே பாரிஸில் பேரினமும் கலந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, முப்பது வயதை எட்டாமல், தோதேன் இறந்துபோனார்.

பின்வந்தோர் பிழையைத் திருத்திப் பாம்பைக் குருட்டுப் பாம்புகளின் பேரினமான ‘டிப்லோப்ஸ்’ என்பதில் சேர்த்தனர். குருட்டு விழி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்சேர்க்கை அது. 2014இல் ‘இண்டோடிப்லோப்ஸ்’ என்று பேரினம் மாறிற்று. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் இதற்குப் ‘பூந்தொட்டிப் பாம்பு’ என்னும் பெயரும் உண்டு. இரண்டு தலை என்பது கண்ணால் கண்டவர் இட்ட பெயர். பிராமினஸ் என்பது படத்தில் கண்டவர் இட்ட பெயர். பூந்தொட்டி என்பது தன் வாசலில் வந்திறங்கக் கண்டவர் இட்ட பெயர். மூன்றையும் அடுக்கிவைத்தால் ஒரு பயணத்தின் வரைபடம் கிடைக்கும்.

*

அப்பயணத்தின் ஊர்தி மண்.

புழுப் பாம்புக்கு எறும்பு, கறையான் இவற்றின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமே உணவு. செடியின் வேரடியில் ஈரமும் எறும்பும் உண்டு. ஆகவே வேரோடு மண் பெயர்ந்தால் பாம்பும் பெயரும். கப்பலில் ஏறும் ஒரு தொட்டிச் செடி அதற்கு உறையுளும் உணவும் ஒருங்கே அமைந்த அறை.

மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிக்கோவுக்கு இப்பாம்பு அக்கப்பல்களில் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருதுகோள். 1833இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். செடிகள் உயிரோடு சேர்ந்தன. அதன்பின் தேயிலை, ரப்பர், அலங்காரச் செடிகள் எனப் பேரரசுகளின் தாவரப் போக்குவரத்து வார்ட் பெட்டிகளில் பெருகியது. உப்புக் காற்றிலிருந்து செடியைக் காத்த அப்பெட்டி, செடியின் மண்ணில் ஒளிந்திருந்த சிற்றுயிர்களையும் காத்தது.

ஹவாய்க்கு இது வந்த கதை துலக்கமாகத் தெரியும். 1930இல் ஹொனலுலுவில் கமேஹமேஹா பள்ளியின் வளாகத்தை அழகுபடுத்தப் பிலிப்பைன்ஸிலிருந்து பனைவகைச் செடிகள் தருவிக்கப்பட்டன; அவற்றின் வேர்மண்ணில் பாம்பு வந்தது. பாம்பு வைத்திருப்பதையே சட்டம் தடுக்கும் தீவுக்கூட்டத்தில், தண்டிக்க முடியாத குடியாக அது இன்றும் வாழ்கிறது. புளோரிடாவில் 1970களின் இறுதியில் மயாமியில் முதலில் அறியப்பட்டது. ஆப்பிரிக்கக் கரைகள், இந்தியப் பெருங்கடல் தீவுகள், ஆஸ்திரேலியாவின் டார்வின், ஜப்பானின் ஒகினாவா எனப் பட்டியல் நீள்கிறது.

ஆயினும் மண்ணில் ஒளிந்து கடல் கடந்த சிற்றுயிர்கள் பல. இது மட்டும் இத்தனை இடங்களில் நிலைபெற்றது எப்படி? மேலே சொன்ன இரண்டாம் படியின் தடையை இப்பாம்பு விந்தையான வழியில் தாண்டியது. இதற்கு ஆண் தேவையில்லை.

அருங்காட்சியகங்களில் இருந்த புழுப் பாம்புகளை ஆராய்ந்தவர்கள் கைக்கு வந்தவை யாவும் பெண்ணாகவே இருக்கக் கண்டு 1970களில் ஐயுற்றனர். செஷல்ஸ் தீவுகளில் செய்த ஆய்வு 1980இல் அதற்கு வலுச் சேர்த்தது. 1987இல் இதன் உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக அல்லாமல் மூன்று மூன்றாக இருப்பது தெரியவந்தது. ஆணின் பங்கின்றி, தாய் தன்னையே பிரதியெடுத்தாற்போல் முட்டையிடுகிறது. பிறப்பன அனைத்தும் பெண். எப்போதும் இம்முறையிலேயே இனம் பெருக்குவதாக அறியப்பட்ட ஒரே பாம்பு இது. மற்றப் பாம்புகளுக்குக் குடியேற்றம் என்றால் குறைந்தது இருவர் வேண்டும். இதற்கு ஒரு தொட்டி, அதனுள் ஒரு தாய் போதும்.

*

பெங்களூரின் பூந்தொட்டி வரலாறு லால்பாக்கிலிருந்து தொடங்குவது. 1760இல் ஹைதர் அலி அமைத்த தோட்டம் அது. திப்பு சுல்தான் காலத்தில் பல நாட்டுச் செடிகள் அங்கே வந்து சேர்ந்தன. 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவாகிய பின், ஜான் கேமரன் 1874 முதல் 1908 வரையும், ஜெர்மானியரான கிரும்பிகல் அதன்பின் 1932 வரையும் பொறுப்பில் இருந்தனர். நகரத்துச் சாலைகளில் மாதந்தோறும் ஒரு மரம் மாற்றி ஒரு மரம் பூக்கும்படி நிரல் வகுத்தவர் கிரும்பிகல். இன்று பெங்களூரின் அடையாளமாகப் படம்பிடிக்கப்படும் இளஞ்சிவப்பு டபேபுயாவும் ஊதா ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டங்களின் மரங்கள்; செம்மயிற்கொன்றை மடகாஸ்கரின் மரம். ‘தோட்ட நகரம்’ என்ற பெயரின் பெரும்பகுதியை அயல் மரங்களே ஈட்டித் தந்தன.

கேமரனின் காலத்தில் லால்பாக் வழியாக அறிமுகமானதாகச் சொல்லப்படும் காய்கறிகளுள் சௌசௌவும் ஒன்று. இதன் பெயர் ஒரு சிறு பாடம். தமிழர் பலர் இதைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்பர். தெலுங்கிலும் அது பெங்களூரு வங்காய. பெங்களூர்க்காரரிடம் கேட்டால் கன்னடத்தில் ‘சீமெபதனெகாயி’ என்பார்: சீமைக் கத்தரிக்காய். தமிழருக்கும் தெலுங்கருக்கும் பெங்களூர்ப் பொருளாக இருப்பது, பெங்களூருக்குச் சீமைப் பொருளாக இருக்கிறது. செடியின் உண்மையான தாயகமோ மெக்சிக்கோவும் அதை அடுத்த நடு அமெரிக்காவும்.

சீமை என்ற சொல்லே இடம் பெயர்ந்த சொல். எல்லை எனப் பொருள்படும் வடசொல் ‘சீமா’ தமிழில் முதலில் எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்தது. சிவகங்கைச் சீமை என்பது அவ்வழக்கு. பின்னர் எல்லைக்கு அப்பாலுள்ள நாட்டை, குறிப்பாக வெள்ளைக்காரரின் நாட்டைக் குறிக்கலாயிற்று. சீமைக் கருவேலம், சீமை எண்ணெய் என்பன இவ்வழக்கு. உள்ளே இருப்பதைக் குறித்த சொல்லே வெளியே இருப்பதையும் குறித்தது. ஒவ்வொரு மொழியும் ஒரு பொருளின் பிறப்பிடத்தைத் தன் வேலிக்கு ஓரடி அப்பால் நட்டுவைக்கிறது என்பதற்குச் சௌசௌவைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மெக்சிக்கோவின் காய் ஒன்று பெங்களூர்ப் பெயரோடு தமிழர் சாம்பாரில் கொதிக்கிறது. தென்னாசியாவின் பாம்பு ஒன்று மெக்சிக்கோவின் தோட்டங்களில் நெளிகிறது. இரண்டும் மண்ணோடும் மனிதரோடும் போனவை. ஒன்றுக்கு வரவேற்பு, மற்றொன்றை எவரும் கவனிக்கவே இல்லை.

*

பெங்களூரிலாவது இப்பாம்பு உறுதியாகச் சொந்தக் குடியா?

இவ்வினாவுக்கு அருகில் சென்ற ஆய்வு பெங்களூரிலேயே நிகழ்ந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர் இந்தியக் குருட்டுப் பாம்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டனர். உலகெங்கும் பரவிய இப்பாம்பு, தீபகற்ப இந்தியாவின் மற்றொரு குருட்டுப் பாம்புக்கு நெருங்கிய உறவு என்பதும், இவ்விரண்டும் ஏனைய ‘இண்டோடிப்லோப்ஸ்’ இனங்களிலிருந்து தனித்து நிற்பவை என்பதும் அவர்கள் முடிவு. அதன் அடிப்படையில் இவற்றுக்கு ‘விர்கோடிப்லோப்ஸ்’ என்ற புதிய பேரினத்தை முன்மொழிந்தனர். விர்கோ என்பது இலத்தீனில் கன்னி. இரண்டு தலையில் தொடங்கிய பெயர், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, கன்னியில் வந்து நிற்கிறது.

தாய்வழி தென்னாசியாவுக்கு வந்துசேர்வதை அந்த உறவு காட்டுகிறது. ஆனால் ஊர் அளவில் விடை அத்தனை எளிதன்று. இப்பாம்பு நாட்டுக்குள்ளும் தொட்டியில்தான் பயணிக்கிறது. கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நாற்றங்கால்களிலிருந்து தென்னாட்டு நகரங்கள் பலவற்றுக்கும் செடிகள் லாரிகளில் செல்கின்றன. பெங்களூர் அடுக்ககத்தின் ஏழாம் மாடியில், வாங்கிவந்த செம்பருத்தித் தொட்டியில் தென்படும் புழுப் பாம்பு, காவிரிப் படுகையின் மண்ணில் பிறந்ததோ கோதாவரி வண்டலில் பிறந்ததோ, பார்த்துச் சொல்ல இயலாது. அது இந்திய நாட்டுக்குச் சொந்தம். அந்த மாடிக்கு வந்த குடி. சொந்தமும் அயலும் ஒரே உடலில், அளவுகோலைப் பொறுத்து மாறி மாறி அமைகின்றன.

இதன் மறுபக்கத்தை விமான நிலையத்தின் 17 ராஜநாகங்கள் காட்டுகின்றன. ராஜநாகம் கர்நாடகத்துக்குப் புதிதன்று. ஆகும்பேக் காடுகள் அதற்குப் பெயர்பெற்றவை. ஆகவே கைப்பற்றியவற்றை மேற்குத் தொடர்ச்சி மலையில் விட்டுவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கலாம். 2024இல் வெளிவந்த ஆய்வு, ஒரே இனம் என எண்ணப்பட்ட ராஜநாகம் நான்கு தனி இனங்கள் என நிறுவியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனத்துக்கு அங்குள்ள கன்னட மக்களின் வழக்குச் சொல்லையே ஏற்று ‘காளிங்கா’ எனப் பெயரிட்டனர். காளிங்க நர்த்தனம் அறிந்த தமிழருக்கும் அது அந்நியச் சொல்லன்று. தாய்லாந்துப் பக்கமிருந்து வரும் ராஜநாகம் அந்த இனமன்று. ஒரே பெயர் என்பதற்காக ஒரே காட்டில் விட்டிருந்தால், உள்ளூர்ப் பெயருக்குள் ஓர் அயல் இனம் ஓசையின்றிப் புகுந்திருக்கும்.

*

சட்டத்தின் சொற்களையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் இந்திய விலங்குகளையே முதன்மையாகக் கருதியது. நல்ல பாம்பைக் கூண்டில் வைப்பது குற்றம். ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்திருப்பது, அது நாட்டுக்குள் எப்படியோ வந்துவிட்ட பிறகு, பெரும்பாலும் கேட்பாரற்ற செயல். 2020 ஜூனில் நடுவண் அரசு, வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்குமாறு அறிவுறுத்தியது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல் விலங்குகளைப் பதிவுசெய்வது கடமையாயிற்று.

அதே திருத்தம் ‘ஆக்கிரமிக்கும் அயல் இனம்’ என்பதற்கும் வரையறை தந்தது. அவ்வரையறையின்படி அயல் என்பது இந்தியாவுக்குச் சொந்தமல்லாதது. இங்கே நாட்டின் எல்லை, உயிரினத்தின் எல்லையாகக் கொள்ளப்பட்டுவிட்டது. பெருநிலத்து இந்தியத் தவளை ஒன்று அந்தமான் தீவுகளுக்குப் போய் அங்குள்ள சிற்றுயிர்களை விழுங்கிப் பரவிவருகிறது. அது இந்தியத் தவளை. ஆகவே இவ்வரையறைக்குள் அது அயலாகாது. தீவின் பல்லிக்கோ இந்த நுட்பம் பயன்படாது.

தமிழ்ச் சூழலியல் எழுத்தில் இத்தகைய இனங்களுக்கு ‘வந்தேறி’ என்ற சொல்லும் வழங்குகிறது. அது மனிதரை நோக்கியும் வீசப்படும் சொல் என்பதால் எச்சரிக்கை தேவை. பெங்களூர் போன்ற நகரில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. இந்நகரின் தோட்டக்கலையோடு தலைமுறைகளாகப் பிணைந்த சமூகம் திகளர். பழங்கன்னடத்தில் ‘திகள’, ‘திகுள’ என்பன தமிழரைக் குறித்த சொற்கள். வெளியாரைக் குறித்த அப்பெயரைத் தாங்கியவர்கள்தாம் இன்று பெங்களூரின் தலையாய திருவிழாவான கரகத்தை நடத்துகிறார்கள். மனிதர் மொழி கற்பர், மணம் செய்வர், ஊரையே தமதாக்கித் தாமும் ஊராவர். உயிரினத்தின் சூழல் எல்லையை அளக்கும் கோலால் மக்களை அளப்பது அறிவியலன்று. சொல்லின் மயக்கம் மட்டுமே.

*

பெங்களூரில் அயல் பாம்பைத் தேடிப் புறப்படுபவர் கையோடு கொண்டு திரும்பவேண்டியவை சில உண்டு.

முதலாவது உயிரச்சம் பற்றியது. பருத்த உடல், குட்டை வால், முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள் கொண்ட பாம்பைத் தோட்டத்தில் கண்டு, யாரோ வளர்த்துத் தப்பவிட்ட பந்து மலைப்பாம்பு என்று கையால் தூக்க முனைவது பேராபத்து. இந்நகரின் ஓரங்களில் அவ்வுருவில் வாழ்வது கண்ணாடி விரியன். உள்ளூர் மண்ணுளிப் பாம்பு வகையையே கண்ணாடி விரியனிலிருந்து பிரித்தறியப் பலர் தடுமாறுகின்றனர். அயல் பாம்பைப் பற்றிய செய்திகள் பெருகப் பெருக, சொந்தப் பாம்பை அயல் என மயங்கும் வாய்ப்பும் பெருகுகிறது. இனம் தெரியாத பாம்புக்கு எட்ட நின்று, பயிற்சி பெற்ற மீட்பாளரையோ வனத் துறையையோ அழைப்பதே வழி.

இரண்டாவது இரக்கம் பற்றியது. வளர்க்க முடியாத விலங்கை ஏரியில் விடுவது விடுதலை அளிப்பதாகத் தோன்றும். கடைகளில் நாணயம் அளவில் விற்கப்பட்ட செங்காது ஆமைகள் வளர்ந்து தட்டளவானதும் குளங்களில் விடப்பட்டன. 2018இல் கேரளத்துத் திருச்சூர் அருகே நீர்நிலையில் அது கண்டறியப்பட்டபோது எழுந்த கவலை இன்றும் தீரவில்லை. பாம்புக்கும் அதுவே நடக்கலாம். இன்னும் நடக்கவில்லை என்பதே இன்றைய நற்பேறு.

மூன்றாவது மண் பற்றியது. பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆளுண்டு. வெளிநாட்டு மண்ணோடு செடி வருவதற்கும் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் தடை விதிக்கின்றன. நாட்டுக்குள் ஓடும் லாரியின் தொட்டிகளை எவரும் கிளறிப் பார்ப்பதில்லை. அவற்றில் புழுப் பாம்பு வந்தால் தீங்கில்லை; அது கடிப்பதுமில்லை, நஞ்சும் இல்லை. காதுக்குள் புகும் என்பது வெறும் அச்சம். ஆனால் அது நுழைந்த வழியே எறும்பும் நத்தையும் தட்டைப்புழுவும் நுழையும். அவ்வழி திறந்திருக்கிறது என்பதற்குப் புழுப் பாம்பு உயிருள்ள சான்று.

மழைக்காலத்தில் பெங்களூரின் குளியலறைத் தரையில் கரிய நூலொன்று நெளிந்து வரும். பலர் அதைப் புழுவென்று நீரூற்றித் தள்ளிவிடுவர். சிலர் பாம்பென்று அறிந்து மிதித்துக் கொல்வர். அடுத்த முறை அதைக் காண்பவர் ஒரு காகிதத்தில் ஏந்தி, செடியடி ஈரமண்ணில் விடலாம். உலகின் பாதி ஊர்களில் அயலாராய் வாழும் பேரினக்கூட்டத்தின் உறவினள் அவள். இந்த மண்ணில்தான் அவளை அயல் என்று சொல்ல எவருக்கும் உறுதியான காரணம் இல்லை.